டாஷ்போர்டு முழுக்கப் பச்சை, ஆனாலும் ரெய்டு விழுந்தது: சர்வர் ஹார்டுவேரை எப்படித்தான் கண்காணிப்பது?

கேள்வி: 12.01.2025, இரவு 9.10

நாற்பது சர்வர் இருக்கும், மூன்று தயாரிப்பாளர்களுடையது கலந்து கிடக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாண்மை மென்பொருள் போட்டு ஒரே திரையில் பார்க்கிறோம். போன வாரம் ரெய்டு 5 வால்யூம் (பல டிஸ்க்குகளைச் சேர்த்து, ஒன்று செத்தாலும் தரவு தப்பும்படி அமைத்த தொகுப்பு) ஒன்று மொத்தமாகப் போய்விட்டது. இரண்டு டிஸ்க் செத்திருக்கிறது. முதல் டிஸ்க் எப்போது போனது என்று யாருக்கும் தெரியவில்லை, திரையில் கடைசிவரை பச்சைதான். இந்த மென்பொருளைத் தூக்கி எறிந்துவிட்டு வேறு போடலாமா?

12.01.2025, இரவு 10.40

எறிவதைப் பிறகு பேசலாம். முதலில் ரெய்டு கண்ட்ரோலரின் (அந்த டிஸ்க்குகளை நிர்வகிக்கும் அட்டை) சொந்த லாகை, அதாவது நடந்ததை அது எழுதி வைக்கும் பதிவை, எடுத்து வேறு இடத்தில் சேமியுங்கள், இன்றைக்கே, கண்ட்ரோலரையோ டிஸ்க்கையோ யாராவது மாற்றுவதற்கு முன். முதல் டிஸ்க் கழன்ற நாளும் நேரமும் அநேகமாக அதில் இருக்கும். அப்புறம் பிஎம்சியின் நிகழ்வுப் பதிவை எடுங்கள், அது வேறு கோப்பு. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எந்த இடத்தில் செய்தி நின்றுபோனது என்று தெரியும்.

ஏன் இரண்டு லாக் என்றால், ஒரு சர்வருக்குள் உடல்நிலையைச் சொல்லக்கூடிய இடங்கள் குறைந்தது மூன்று. பிஎம்சி என்பது மதர்போர்டில் தனியாக உட்கார்ந்திருக்கும் சின்னக் கணினி, சர்வர் அணைந்திருந்தாலும் ஸ்டாண்ட்பை மின்சாரத்தில் ஓடும், ஃபேன், வெப்பம், மின்னழுத்தம், பவர் சப்ளை எல்லாம் அதன் கையில். ரெய்டு கண்ட்ரோலருக்குத் தன் டிஸ்க்குகளைப் பற்றி மட்டும் தெரியும். இயங்குதளத்துக்கு மெமரியில் திருத்தப்பட்ட பிழைகளும் டிஸ்க் படிப்புப் பிழைகளும் தெரியும். புதிய தலைமுறை இயந்திரங்களில் பிஎம்சி நேராகக் கண்ட்ரோலரோடு பேசி டிஸ்க் நிலையை வாங்கிக்கொள்கிறது. பழையவற்றில் அப்படி இல்லை, இயங்குதளத்துக்குள் ஓடும் ஏஜென்ட் என்ற சிறு நிரல் கேட்டுச் சொன்னால்தான் உண்டு. உங்களிடம் கலந்து இருக்கிறது என்கிறீர்கள். விழுந்தது பழைய இயந்திரம் என்று நினைக்கிறேன்.

12.01.2025, இரவு 11.05

இன்னொன்று. அலர்ட் எஸ்என்எம்பி ட்ராப் (கருவி தானாக அனுப்பும் எச்சரிக்கைச் செய்தி) வழியாகத்தான் வருகிறதா? ட்ராப் யுடிபி 162இல் போகிறது, போய்ச் சேர்ந்ததா என்று சரிபார்க்காத நெறிமுறை அது. வழியில் தொலைந்தால் அனுப்பியவருக்கும் தெரியாது, வாங்க வேண்டியவருக்கும் தெரியாது. இன்ஃபார்ம் என்ற வகையில் மட்டும் பதில் வரும்வரை திரும்ப அனுப்பும், பல பிஎம்சிகள் அதைச் செய்வதே இல்லை. ட்ராப் வந்தால் லாபம் என்று வைத்துக்கொண்டு, இன்னொரு பக்கம் சில நிமிடங்களுக்கு ஒருமுறை நாமே போய் நிலையைக் கேட்கிற ஏற்பாடும் இருக்க வேண்டும்.

13.01.2025, காலை 8.20

நீங்கள் அனுப்பியதைப் படித்தேன். கண்ட்ரோலர் லாகில் முதல் டிஸ்க் நவம்பரிலேயே கழன்றிருக்கிறது, கெர்னல் (இயங்குதளத்தின் மையப்பகுதி) அப்டேட்டுக்குப் பிறகு ஏஜென்ட் எழுந்திருக்கவே இல்லை, திரையில் அக்டோபர் மாத நிலை அப்படியே நின்றிருக்கிறது. இரண்டு மாதம் ஒரு காலில் நின்ற டிஸ்க் தொகுப்பு அது.

இதைவிட ஆபத்தான கோளாறு கண்காணிப்பில் கிடையாது என்பது என் கருத்து. டிஸ்க் சாவது இயல்பு, அதற்குத்தான் ரெய்டே இருக்கிறது. பழைய பதிலைப் புதுப் பதிலாகக் காட்டுகிற திரைக்கு மாற்று ஏற்பாடு எதுவும் இல்லை. எந்த மென்பொருள் வைத்திருந்தாலும், ஒவ்வொரு சென்சாருக்கும் கடைசியாக எப்போது பதில் வந்தது என்ற நேரத்தையும் சேர்த்துக் கண்காணியுங்கள். பதில் நின்று பதினைந்து நிமிடம் ஆனால் அதுவே அலர்ட். ப்ரோமீதியஸ் போன்ற கண்காணிப்பு மென்பொருள்களில் ஆப்சென்ட் என்று இதற்கென ஒரு ஃபங்ஷன் இருக்கிறது, ஸாபிக்ஸில் நோடேட்டா என்ற பெயரில். தயாரிப்பாளர் மென்பொருள்கள் சிலவற்றில் பதில் வராத இயந்திரம் சாம்பல் நிறத்துக்குப் போகும், ஆனால் சாம்பலுக்கு மின்னஞ்சல் அனுப்பும்படி யாரும் அமைப்பதில்லை. சாம்பலைச் சிவப்புக்குச் சமமாக வையுங்கள்.

13.01.2025, பகல் 1.30

பிஎம்சியோடு பேச இருக்கும் இரண்டு நெறிமுறைகளில் எது, ஐபிஎம்ஐயா ரெட்ஃபிஷா என்று கேட்டிருக்கிறீர்கள். வாங்கும் எல்லாப் புது இயந்திரத்துக்கும் ரெட்ஃபிஷ்.

ஐபிஎம்ஐ 1998இல் இன்டெல், டெல், எச்பி, என்இசி நால்வரும் சேர்ந்து கொண்டுவந்தது. 2.0 பதிப்பு 2004. இதற்கு மேல் புதுப் பதிப்பு கிடையாது, ரெட்ஃபிஷுக்குப் போங்கள் என்று இன்டெலே சொல்லிவிட்டது. ரெட்ஃபிஷ் 2015இல் டிஎம்டிஎஃப் என்ற தரநிர்ணய அமைப்பு வெளியிட்டது. எச்டிடிபிஎஸ், ஜேசன், அவ்வளவுதான். உலாவியில் திறந்தே படிக்கலாம். மூன்று தயாரிப்பாளர்களுக்கும் ஏறக்குறைய ஒரே கேள்வி, ஒரே வடிவப் பதில். நிகழ்வுகளுக்குச் சந்தா போட்டால் பிஎம்சியே டிசிபி வழியாக அனுப்பும், ட்ராப் மாதிரிக் காற்றில் கரையாது.

ஒரு எச்சரிக்கை. ரெட்ஃபிஷ் பதிலில் ஹெல்த் என்று ஒன்று, ஹெல்த் ரோலப் என்று இன்னொன்று. முதலாவது அந்தப் பாகத்தின் நிலை மட்டும். இரண்டாவது அதற்குக் கீழே இருக்கும் எல்லாவற்றையும் கூட்டிச் சொல்வது. மேல்மட்டத்தில் ஹெல்த் மட்டும் படிக்கிற ஸ்கிரிப்ட் எழுதினால் உள்ளே டிஸ்க் செத்திருந்தாலும் ஓகே என்றே வரும். ரோலப்பையும் முழுதாக நம்ப வேண்டாம், எதையெல்லாம் கூட்டுகிறது என்பது தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மாறுகிறது. டிஸ்க், வால்யூம், கண்ட்ரோலர், பவர் சப்ளை, ஃபேன், மெமரி எல்லாவற்றையும் தனித்தனியாகப் போய்க் கேட்பதுதான் என் வழக்கம்.

14.01.2025, இரவு 9.50

ஸ்மார்ட் பற்றி, அதாவது டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே எண்ணி வைக்கும் வசதி பற்றி.

சாடா (டிஸ்க் இணைப்பில் ஒரு வகை) டிஸ்க் என்றால் 5, 187, 188, 197, 198 என்று எண்ணிட்ட ஐந்து பிழைக் கணக்குகளைப் பாருங்கள். பல்லாயிரம் டிஸ்க் வைத்திருக்கும் பேக்பிளேஸ் நிறுவனம் இந்த ஐந்தைத்தான் தேர்ந்தெடுத்துப் பின்தொடர்கிறது. 2016இல் அவர்கள் சொன்ன கணக்கு: செத்த டிஸ்க்குகளில் 76.7 விழுக்காட்டில் இந்த ஐந்தில் ஒன்றாவது பூஜ்யத்தைத் தாண்டியிருந்தது, ஓடிக்கொண்டிருந்தவற்றில் 4.2 விழுக்காடு மட்டுமே அப்படி. மீதி 23.3 விழுக்காடு எந்த முன்னறிவிப்பும் தராமல் செத்தவை. கூகிள் ஆய்வாளர்கள் 2007இல் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்க்குகளை வைத்து எழுதிய ஆய்வுக்கட்டுரையில் நிலைமை இன்னும் மோசம், முக்கியமான நான்கு ஸ்மார்ட் அறிகுறிகளில் ஒன்றுகூட இல்லாமல் செத்தவை 56 விழுக்காட்டுக்கும் மேல். ஆனால் அதே கட்டுரையில்தான் இதுவும் இருக்கிறது: முதல் ஸ்கேன் பிழை (டிஸ்க் தன் பரப்பைத் தானே சோதிக்கும்போது தெரியும் பிழை) வந்த டிஸ்க் அடுத்த 60 நாளில் சாகும் வாய்ப்பு, பிழை வராத டிஸ்க்கைவிட 39 மடங்கு.

ஆகவே ஸ்மார்ட் எண் ஏறினால் டிஸ்க்கை மாற்று. ஏறவில்லை என்றால் அதிலிருந்து எதையும் முடிவு செய்யாதே. டிஸ்க்கின் ஒட்டுமொத்த ஸ்மார்ட் தீர்ப்பு 'பாஸ்ட்' என்று வருவதை நான் பார்ப்பதே இல்லை. அந்த வரம்பைத் தயாரிப்பாளர்கள் அவ்வளவு தாராளமாக வைத்திருக்கிறார்கள், டிஸ்க் மூச்சுத் திணறிக்கொண்டிருக்கும்போதும் பாஸ்ட் என்றே வரும்.

ரெய்டு கண்ட்ரோலருக்குப் பின்னால் இருக்கும் டிஸ்க்கிடம், ஸ்மார்ட் எண்களைப் படிக்கும் ஸ்மார்ட்சிடிஎல் கருவி நேராகப் பேசாது, மெகாரெய்டு போன்ற கண்ட்ரோலர் வகையையும் டிஸ்க் எண்ணையும் கட்டளையில் சேர்த்துக் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் கண்ட்ரோலர் காட்டும் மெய்நிகர் டிஸ்க்கைக் கேட்டுவிட்டு ஒன்றுமில்லை என்று திரும்பி வரும்.

14.01.2025, இரவு 10.15

எஸ்ஏஎஸ் (சர்வர்களில் வரும் இன்னொரு இணைப்பு வகை) டிஸ்க்கில் மேலே சொன்ன ஐந்து எண் கிடையாது. அதில் குரோன் டிஃபெக்ட் லிஸ்ட் (பயன்பாட்டில் கெட்டுப்போன இடங்களின் பட்டியல்) எவ்வளவு வளர்கிறது, திருத்த முடியாத பிழை எத்தனை என்று பாருங்கள். என்விஎம்இ (வேகமான ஃபிளாஷ் டிரைவ்) என்றால் கிரிட்டிக்கல் வார்னிங், அவெய்லபிள் ஸ்பேர் (மாற்று இடத்தில் மிச்சம்), பெர்சன்டேஜ் யூஸ்டு (ஆயுளில் தேய்ந்த பங்கு), மீடியா பிழைகள். பெர்சன்டேஜ் யூஸ்டு 100ஐத் தாண்டியும் போகும், தாண்டிய அன்றே டிரைவ் சாகாது, ஆனால் மாற்றுவதற்குத் தேதி குறித்துவிட வேண்டும்.

16.01.2025, காலை 7.40

மெமரியைப் பற்றி யாரும் கேட்கவில்லை, நானே சொல்கிறேன், ஏனென்றால் இரவில் என்னை எழுப்பிய கோளாறுகளில் பாதி மெமரிதான்.

இசிசி மெமரி ஒற்றை பிட் பிழையைத் தானே திருத்திவிடும், யாருக்கும் எதுவும் தெரியாது. திருத்தியதைக் கெர்னல் எண்ணி வைக்கும். லினக்ஸில் இடாக் என்ற பகுதி அதைச் செய்கிறது, ராஸ்டெமான் என்ற நிரல் ஓடினால் எந்தச் சிப்பில், எந்த ஸ்லாட்டில் என்று பதிவும் செய்யும். 2009இல் கூகிளின் சர்வர்களை ஆராய்ந்து வந்த கட்டுரைப்படி, ஓர் ஆண்டில் மூன்றில் ஒரு பங்கு இயந்திரங்களில் திருத்தப்பட்ட பிழை ஒன்றாவது வந்தது, மெமரி அட்டைகளில் 8 விழுக்காட்டுக்கும் மேல். ஆகவே ஒரு பிழை வந்தவுடன் பதறத் தேவையில்லை. ஒரே ஸ்லாட்டில் ஒரே நாளில் கூடிக்கொண்டே போனால் பதற வேண்டும்.

பிஎம்சியில் தெரிவது தாமதமாகத் தெரியும். குறிப்பிட்ட எண்ணிக்கையைத் தாண்டிய பிறகுதான் அது நிகழ்வுப் பதிவில் எழுதும், அந்த எண்ணிக்கை பயாஸில் எங்கேயோ இருக்கும். சில இயந்திரங்களில் ஃபார்ம்வேர் (ஹார்டுவேருக்குள்ளேயே இருக்கும் மென்பொருள்) முதலில் பிழையைக் கையில் எடுத்துக்கொள்ளும், கெர்னலின் எண்ணிக்கை பூஜ்யமாகவே நிற்கும். அதனால் இரண்டு பக்கமும் கேட்கிறேன், எது முதலில் கத்துகிறதோ அதை நம்புகிறேன். அட்டையை மாற்றும்போது வேறு ஸ்லாட்டில் இருக்கும் நல்ல அட்டையோடு முதலில் இடம் மாற்றிப் பார்ப்பது நல்லது. பிழை அட்டையோடு போனால் அட்டை, ஸ்லாட்டிலேயே நின்றால் மதர்போர்டு அல்லது சிபியூ சாக்கெட். சாக்கெட்டில் வளைந்த ஒரு ஊசி இருந்ததால் மூன்று நல்ல அட்டைகளைத் திருப்பி அனுப்பியதை நான் அருகில் இருந்து பார்த்திருக்கிறேன்.

17.01.2025, இரவு 8.30

ரெய்டு கண்ட்ரோலரின் பேட்டரி. இதற்கு மட்டும் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்கிறேன்.

ஒரு டேட்டாபேஸ் சர்வர், சில மாதங்களுக்கு ஒருமுறை சில மணி நேரம் படுத்துவிடும். அப்புறம் தானாகச் சரியாகிவிடும். வினவல்களைத் திருத்தினார்கள், இண்டெக்ஸ் சேர்த்தார்கள், நெட்வொர்க்கைக் குற்றம் சொன்னார்கள். ஹார்டுவேர் பக்கம் எல்லாம் பச்சை. கண்ட்ரோலர் லாகைத் திறந்தபோதுதான் தெரிந்தது, படுக்கிற ஒவ்வொரு முறையும் பேட்டரி லேர்ன் சைக்கிள் ஓடியிருக்கிறது.

கண்ட்ரோலரின் கேஷ் மெமரியில் எழுதியதும் 'எழுதிவிட்டேன்' என்று சொல்வது ரைட் பேக். மின்சாரம் போனாலும் அந்தக் கேஷைக் காப்பாற்றத்தான் பேட்டரி. பேட்டரி எவ்வளவு தாங்கும் என்று அறிய கண்ட்ரோலர் அவ்வப்போது அதை முழுதாக வடித்து மறுபடி ஏற்றும், அதுதான் லேர்ன் சைக்கிள். பழைய கண்ட்ரோலர்களில் அந்த நேரம் முழுக்க ரைட் த்ரூவுக்குப் போய்விடும், ஒவ்வொரு எழுத்தும் டிஸ்க்கில் இறங்கிய பிறகுதான் பதில் வரும். சுழலும் டிஸ்க் என்றால் வேகம் பல மடங்கு விழும். பேட்டரி கிழடானால் ரைட் த்ரூ நிரந்தரமாகிவிடும். எல்லாம் 'வேலை செய்யும்', மெதுவாக.

மேலாண்மை மென்பொருள் இதைச் சின்ன மஞ்சள் குறியாகத்தான் காட்டும், சில அதுவும் காட்டாது. நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி பேட்டரி நலமா என்பது மட்டும் போதாது. இந்த வால்யூமுக்கு அமைத்த கேஷ் கொள்கை என்ன, இப்போது நடைமுறையில் இருக்கும் கேஷ் கொள்கை என்ன, இரண்டையும் கேட்டு ஒப்பிடுங்கள். வேறாக இருந்தால் அலர்ட். புதியவற்றில் பேட்டரிக்குப் பதில் சூப்பர் கெப்பாசிட்டரும் ஃபிளாஷும் வைக்கிறார்கள், தொல்லை குறைவு, ஆனால் கெப்பாசிட்டரும் கிழடாகும்.

18.01.2025, பகல் 12.10

பவர் சப்ளை: இரண்டும் பச்சை என்றால் போதாது. ஒன்று போனால் மற்றது முழுச் சுமையையும் தாங்குமா என்று பாருங்கள். இரண்டின் வாட் அளவையும் கூட்டி, ஒன்றின் முழுத் திறனோடு ஒப்பிடுங்கள். ஜிபியூ சேர்த்த பிறகு இந்தக் கணக்கை யாரும் திரும்பப் போடுவதில்லை. இரண்டு வயரும் ஒரே பிடியூவில் (ரேக்கின் மின் விநியோகப் பலகை) செருகியிருந்தால் எந்த மென்பொருளும் சொல்லாது, ரேக்கின் பின்னால் போய்க் கண்ணால்தான் பார்க்க வேண்டும்.

19.01.2025, இரவு 10.00

தயாரிப்பாளர் மென்பொருள் வேண்டவே வேண்டாம், எல்லாம் திறந்தமூலத்திலேயே செய்துவிடலாம் என்று கீழே ஒருவர் எழுதியிருக்கிறார். நிலையைக் கேட்பதற்கும் வரைபடம் போடுவதற்கும் சரி, ஒத்துக்கொள்கிறேன். ஃபார்ம்வேர் கணக்குக்கு ஒத்துக்கொள்ள மாட்டேன்.

2019 நவம்பரில் எச்பிஇ என்ற சர்வர் தயாரிப்பாளர் ஓர் அறிவிப்பு விட்டது. குறிப்பிட்ட எஸ்ஏஎஸ் எஸ்எஸ்டி மாடல்கள் 32,768 மணி நேரம் ஓடியதும் செத்துப்போகும், அதாவது 3 ஆண்டு, 270 நாள், 8 மணி நேரம். செத்தால் டிரைவும் திரும்பாது, தரவும் திரும்பாது. 2020 மார்ச்சில் வேறு மாடல்களுக்கு 40,000 மணி நேரம் என்று இன்னொரு அறிவிப்பு. ஃபார்ம்வேரைப் புதுப்பித்தால் தப்பிக்கலாம்.

ஒரே நாளில் வாங்கி ஒரே நாளில் ஓட்டிய டிரைவ்கள் ஒரே ரெய்டில் இருந்தால், எல்லாம் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் அந்த எண்ணைத் தொடும். ரெய்டு 6 இருந்தாலும் காப்பாற்றாது. ஸ்மார்ட் எண்கள் கடைசி நிமிடம் வரை சுத்தமாக இருக்கும். இங்கே உதவுவது ஒன்றுதான்: எந்த சர்வரில் எந்த மாடல் டிரைவ், எந்த ஃபார்ம்வேர், எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது என்ற பட்டியல் கையில் இருப்பது, தயாரிப்பாளர் அறிவிப்பு வந்தவுடன் அதோடு பொருத்திப் பார்ப்பது. இதைத் தயாரிப்பாளர் மென்பொருள் நன்றாகச் செய்கிறது, அதற்காகவே அதை வைத்திருக்கலாம்.

20.01.2025, காலை 9.15

பிஎம்சியை அலுவலக நெட்வொர்க்கிலேயே விட்டிருக்கிறீர்கள் என்று உங்கள் படத்தில் தெரிகிறது. இன்றைக்கே தனி விலானுக்கு (பிரித்து வைத்த நெட்வொர்க்) மாற்றுங்கள், மேலாண்மை சர்வர் தவிர வேறு யாரும் தொடக்கூடாது.

ஐபிஎம்ஐ 2.0இல் கடவுச்சொல்லை நிரூபிப்பதற்கு முன்பே பிஎம்சி அதன் ஹாஷை (கடவுச்சொல்லிலிருந்து கணக்கிட்ட குறியீடு) கேட்டவருக்கு அனுப்பிவிடும், யுடிபி 623ஐத் தொட முடிந்தவர் அதை வாங்கிக்கொண்டு போய் ஆற அமர உடைக்கலாம். 2013இலேயே இது வெளியே வந்துவிட்டது. நெறிமுறையின் அமைப்பே அப்படி, பேட்ச் போட்டுச் சரிசெய்ய முடியாது. சில பிஎம்சிகளில் சைஃபர் ஜீரோ என்ற வகையும் திறந்து கிடந்தது, கடவுச்சொல்லே தேவையில்லை. எச்பிஇயின் பிஎம்சியான ஐஎல்ஓ 4இல் 2017இல் திருத்திய ஓட்டை இன்னும் எளிது, கனெக்‌ஷன் ஹெடரில் 29 'ஏ' எழுத்துகளை அனுப்பினால் உள்ளே போய்விடலாம். பிஎம்சிக்குள் வந்தவருக்கு விசைப்பலகை, திரை, பவர் பட்டன் எல்லாம் கிடைத்தமாதிரி, இயங்குதளத்தில் நீங்கள் போட்ட எந்தப் பூட்டும் குறுக்கே நிற்காது. ரெட்ஃபிஷ் இயந்திரங்களில் லேன் வழி ஐபிஎம்ஐயை அணைத்துவிடுங்கள்.

21.01.2025, இரவு 9.25

வெப்பம் பற்றிச் சுருக்கமாக. ஆஷ்ரே என்ற குளிரூட்டல் பொறியாளர் சங்கம் பரிந்துரைப்பது உள்ளே நுழையும் காற்று 18 முதல் 27 டிகிரி செல்சியஸ். சிபியூ வெப்பத்தைவிட நுழைவு வெப்பத்தையும் ஃபேன் வேகத்தையும் சேர்த்துப் பார்ப்பது பயனுள்ளது. நுழைவு வெப்பம் மாறாமல் ஃபேன் வேகம் மட்டும் மாதக்கணக்கில் ஏறினால் தூசி, அல்லது உள்ளே ஏதோ காற்றை மறிக்கிறது. சில சிபியூ சென்சார்கள் மைனஸ் எண் காட்டும். அது வரம்புக்கு இன்னும் எத்தனை டிகிரி பாக்கி என்ற கணக்கு, சென்சார் கெட்டுவிட்டது என்று நினைத்து அணைத்துவிடாதீர்கள்.

24.01.2025, இரவு 11.00

எல்லாம் அமைத்துவிட்டேன், சரியாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். எப்படித் தெரியும்?

ஐபிஎம்ஐடூல் என்ற கருவியில் ஈவென்ட் 1 என்ற கட்டளை, வெப்பம் மேல்வரம்பைத் தாண்டியதாக ஒரு பொய் நிகழ்வைப் பிஎம்சிக்கு அனுப்பும். 2 மின்னழுத்தம், 3 மெமரி பிழை. நாற்பது இயந்திரத்திலும் ஒன்றை அனுப்பிவிட்டு, இரவுப் பணியில் இருப்பவரின் கைபேசியில் நாற்பது செய்தி வந்ததா என்று எண்ணுங்கள். ரெட்ஃபிஷிலும் சோதனை நிகழ்வு அனுப்ப வழி இருக்கிறது. இது செய்தி போகும் பாதையை மட்டும் சோதிக்கும், சென்சாரைச் சோதிக்காது. அதற்கு ஆள்வரத்து குறைந்த நேரத்தில் ஒரு பவர் வயரைக் கழற்றிப் பாருங்கள், 18ஆம் தேதி சொன்ன சுமைக் கணக்கை முடித்த பிறகு மட்டும். டிஸ்க்கை உருவிப் பார்க்கலாமா என்று கேட்டவருக்கு: உற்பத்தியில் இருக்கும் ரெய்டு 5இல் செய்யாதீர்கள். ரீபில்ட் (புது டிஸ்க்கில் தரவை மறுபடி கட்டுவது) ஓடும்போது மற்ற எல்லா டிஸ்க்கையும் முழுதாகப் படிக்க வேண்டும், அந்தப் படிப்பில்தான் இரண்டாவது டிஸ்க் சாகிறது.

27.01.2025, காலை 8.05

நாற்பதில் முப்பத்தொன்று வந்தது, ஒன்பது வரவில்லை. நல்ல விஷயம், இப்போதே தெரிந்துவிட்டது. நீங்கள் அனுப்பிய பதிவுகளில் ஆறு இயந்திரத்தின் நிகழ்வுப் பதிவு நிரம்பியிருக்கிறது. பழைய பிஎம்சிகளில் இடம் தீர்ந்தால் புதிதாக எழுதுவதையே நிறுத்திவிடும், அந்தப் பதிவைப் படித்து அலர்ட் அனுப்பும் மென்பொருளுக்கு அதோடு காது அடைத்துவிடும். பதிவைக் கோப்பாகச் சேமித்துவிட்டு அழியுங்கள், நிரம்பிய அளவு 75 விழுக்காட்டைத் தாண்டினால் தனி அலர்ட் வையுங்கள். பதிவுகளில் 1970ஆம் ஆண்டு இருப்பதைப் பார்த்தால் பிஎம்சிக்கு நேரமே தெரியவில்லை, என்டிபி (நெட்வொர்க் வழியாக நேரம் சரிசெய்வது) கொடுங்கள், இல்லாவிட்டால் எது முதலில் நடந்தது என்று கண்ட்ரோலர் லாகோடு பொருத்தவே முடியாது.

மீதி மூன்றின் பதிவு காலியாக இருக்கிறது, நிகழ்வே உள்ளே போகவில்லை. பிஎம்சி தொங்கியிருக்கும். ஐபிஎம்ஐடூலில் எம்சி ரீசெட் கோல்டு கொடுங்கள், பிஎம்சி மட்டும்தான் மறுபடி கிளம்பும், சர்வர் ஓடிக்கொண்டே இருக்கும். சில நிமிடம் ஃபேன்கள் முழு வேகத்தில் அலறினாலும் பயப்பட வேண்டாம். வந்த பிறகு ஈவென்ட் 1ஐ அந்த ஒன்பதுக்கும் திரும்ப அனுப்பி, எண்ணிக்கையை இங்கே எழுதுங்கள்.